வெள்ளிமலையிலிருந்து முக்திநாத்துக்கு

கள்ளக்குறிச்சி மாவட்டத்துக் கல்வராயன் மலைமேல் அமைந்த வெள்ளிமலை, பெயராலேயே கயிலையை நினைவூட்டும் ஊர். அங்கிருந்து பனிமலையைத் தரிசிக்க எண்ணும் முதியோர்க்கு நேபாளத்து முக்திநாத் உகந்த தலம்.

திருமங்கையாழ்வார் மங்களாசாசனம் செய்த சாளக்கிராமம் இதுவே என்பர். சுமார் 3,700 மீட்டர் உயரத்தில், 108 நீர்த்தாரைகளில் நீராடிப் பெருமாளைச் சேவிக்கலாம்.

அவ்வுயரத்தில் மூச்சுத் திணறினால் தமிழில் சொல்லிப் பயனில்லை. இந்தியோ அங்குப் பலருக்கும் விளங்கும். ‘கரம் பானி’ என்றால் வெந்நீர். ‘தம் குட் ரஹா ஹை’ என்றால் மூச்சு முட்டுகிறது. இத்தகைய இருபது தொடர்களைப் புறப்படுமுன் மனனம் செய்தல் நலம்.

காசியில் குமரகுருபரர் சகலகலாவல்லி மாலை பாடி இந்துஸ்தானி மொழியறிவு பெற்றார் என்பது மரபு. கலைமகளை வணங்கித் தொடங்கினால் முதுமையிலும் மொழி கைகூடும்.