பாக்கெட்டின் பின்பக்கம்

வெந்நீரில் கரைத்தால் சூப்பாகிவிடும் அந்தச் சின்னக் கட்டியின் கதை, ஆலைக்குப் போன பெண்களிடமிருந்து தொடங்குகிறது. 1880களில் ஸ்விட்சர்லாந்தில் தொழிற்சாலை ஆய்வாளராக இருந்த ஃப்ரிடோலின் ஷூலர் என்ற மருத்துவர், வேலைக்குப் போகும் பெண்களுக்குச் சமைக்க நேரமில்லை, குடும்பங்கள் சத்தின்றி வாடுகின்றன என்று கவலைப்பட்டார். மாவு ஆலை நடத்திய ஜூலியஸ் மேகியிடம் அந்தக் கவலை போய்ச் சேர்ந்தது. பட்டாணி, அவரை மாவுகளில் செய்த உடனடி சூப் 1886இல் கடைக்கு வந்தது. கட்டி வந்தது 1908இல். பெண்ணின் வேலை நேரத்தைக் குறைத்திருக்கலாம். ஆணை அடுப்படிக்கு அனுப்பியிருக்கலாம். பாக்கெட் போடுவது இரண்டையும்விடச் சுலபமாக இருந்திருக்கிறது.

எங்கள் பக்கத்துக்கு ஆலை வந்தது அதற்குப் பிறகு. ஐய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்து, 1923வாக்கில் சிவகாசியில் தொடங்கினார்கள். பட்டாசும் அச்சகமும் பின்னால் வந்தன. திருத்தங்கலில் இருக்கும் என் மதினி பட்டாசு ஆலைக்குப் போகிறவர். காலையில் வேன் வந்துவிடும். சாயங்காலம் திரும்பி, மேலில் ஒட்டிய மருந்துத் தூள் போகக் குளித்துவிட்டுத்தான் அடுப்பைத் தொடுவார். பிரஷருக்கு மாத்திரை சாப்பிடுகிறார். ராத்திரிக்குக் காய்கறி சூப் நல்லது என்று யாரோ சொல்ல, மூன்று விதமான கட்டிகளை வாங்கி வந்து என் முன்னால் வைத்தார்.

"இதுல எது உடம்புக்கு நல்லது? நீதான படிச்சவ, பாத்துச் சொல்லு."

மூன்றின் முன்பக்கத்திலும் கேரட்டும் கொத்தமல்லியும் பச்சைப்பசேலென்று இருந்தன. தீப்பெட்டி லேபிள் அடித்தே வளர்ந்த ஊர்க்காரர்களுக்கு நாலு கலர் படத்தின் மகிமை தெரியும். பின்பக்கம் திருப்பினேன். எடையில் அதிகமானது முதலில் என்ற வரிசையில்தான் சேர்மானங்களை அச்சிட வேண்டும் என்பது நம் நாட்டு விதி. மூன்றிலும் முதல் சொல் உப்பு. காய்கறித் தூள் கடைசியில் எங்கோ தலைகாட்டியது. பருப்பில் தொடங்கிய சங்கதி உப்பில் வந்து நிற்கிறது.

இந்த மாதிரிக் கட்டிகளில் ஏறக்குறைய பாதி எடை உப்பாகவே இருப்பதுண்டு. 10 கிராம் கட்டி என்றால் 4, 5 கிராம். ஒரு நாள் முழுவதற்குமே 5 கிராமுக்குள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். உப்பென்று சொல்லாமல் சோடியம் என்று போட்டிருந்தால் 2.5ஆல் பெருக்கிக்கொள்ள வேண்டும். 'எம்.எஸ்.ஜி. சேர்க்கவில்லை' என்று பெருமைப்பட்ட கட்டியில் ஈஸ்ட் சாறு இருந்தது. அதிலும் குளுட்டமேட்தான். தக்காளியிலும் அது உண்டு, எனக்கு அதில் பயமில்லை. 'உப்பு குறைவு' என்ற மூன்றாவதில் பொட்டாசியம் குளோரைடு இருந்தது. சில பிரஷர் மாத்திரைகளோடும் சிறுநீரகக் கோளாறோடும் பொட்டாசியம் கூடினால் ஆபத்து. டாக்டரிடம் காட்டாமல் தொட வேண்டாம் என்றேன்.

"அப்ப மூணையும் தூரப் போடவா?"

காசு கொடுத்து வாங்கியது. ஒரு சட்டிக்குக் கால் கட்டி போடுங்க, வேறு உப்பே போடாதீங்க என்றேன். வீட்டிலேயே எலும்பையோ காயையோ வேகவைத்து இறுத்துக்கொள்வதுதான் ஆரோக்கியம் என்று மேடையில் பேசுகிறவர்கள், அது யாருடைய ஞாயிற்றுக்கிழமை என்று சொல்வதில்லை. மதினியிடம் நானும் அதைச் சொல்லப் போவதில்லை.

ஸ்டாக் என்பதற்குத் தமிழில் என்ன என்று மாணவிகள் கேட்பார்கள். புதுச்சொல் தேட வேண்டியதில்லை. பருப்புத்தண்ணி, எலும்புத்தண்ணி என்று எதில் இறங்கியதோ அதன் பெயரையே சொல்லி வந்திருக்கிறோம். குக்கரில் பருப்பு வேகும்போது இரண்டு டம்ளர் தண்ணீர் கூட ஊற்றி, தக்காளியும் நாலு பல் பூண்டும் போட்டால் போதும். இறுத்ததில் மிளகு சீரகம் தட்டிப் போட்டால் உப்பு குறைவது அவ்வளவாகத் தெரியாது. அண்ணன் ஐந்து மணிக்கே வீட்டுக்கு வந்துவிடுகிறார், அவர் ஏற்றி வைக்கட்டுமே என்றேன்.

"அவருக்கு விசில் எண்ணத் தெரியாது."

"கிரிக்கெட்ல ரன் எண்ணுறாருல்ல மதினி?"

இப்போது வாரத்தில் மூன்று நாள் அண்ணன் குக்கர் ஏற்றுகிறார். மற்ற நாள் கால் கட்டிதான். பட்டாசு ஆலைக்குள் செல்போன் கொண்டுபோகக் கூடாது என்பதால் மதினி அதை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போவார். அதனால் துவரம்பருப்பு எந்த டப்பாவில் இருக்கிறது என்று, அண்ணன் கல்லூரியிலிருக்கும் எனக்குப் போன் அடித்துக் கேட்கிறார்.