வாசல் கொக்கியில் ஒரு பைனாகுலர்

டிசம்பர் 1, 2024, ஞாயிறு. மேடவாக்கம்

ஃபெஞ்சல் புயல் நேற்று இரவு புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. மழை இன்றுதான் விட்டது. வீடு முழுக்க ஈரத்துணி வாடை. பீரோவைத் திறந்து எல்லாவற்றையும் வெளியே எடுத்துப் போட்டேன். அடித்தட்டில், பட்டுப்புடவைகளுக்குக் கீழே, கேமரா பை.

2015இல் வாங்கியது. பெரியவளுக்கு அப்போது மூன்று வயது. வேடந்தாங்கலில் சங்குவளை நாரை, கூழைக்கடா என்று ஒன்றிரண்டு வருஷம் ஆசை தீரப் படம் எடுத்தேன். சின்னவன் வயிற்றில் இருந்தபோது மூடி வைத்தேன். அவனுக்கு இப்போது ஆறு வயது. லென்ஸைக் கழற்றி வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தேன். உள் கண்ணாடியில் சிலந்தி நூல் போல வெள்ளை இழைகள் ஓடியிருந்தன. பூஞ்சை.

அந்த லென்ஸுக்காகப் பத்து மாதம் சீட்டு கட்டியிருக்கிறேன். கொஞ்ச நேரம் கட்டிலிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

டிசம்பர் 5, வியாழன்

ஆபீஸிலிருந்து வரும் வழியில் லென்ஸைப் பழுது பார்ப்பவரிடம் காட்டினேன். "உள் கிளாஸ் வரைக்கும் போயிருக்கும்மா. பிரிச்சுத் துடைக்கலாம். ஆனா கோட்டிங்கை அரிச்சிருந்தா தழும்பு நிக்கும்" என்றார். பூஞ்சை அமிலத்தைக் கசியவிடுமாம். அதுதான் கண்ணாடியின் மேல்பூச்சை அரிக்கிறது. துணிப்பை ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். அதோடு இருட்டும் அடைசலும் சேர்ந்தால் சென்னையில் ஒரு மழைக்காலம் போதும்.

"வாரம் ஒருநாள் வெளியே எடுத்திருந்தாலே வந்திருக்காதும்மா."

பஸ்ஸில் வரும்போது இதையே நினைத்துக்கொண்டு வந்தேன். ஏன் எடுக்கவில்லை? பையைத் திறந்து, லென்ஸ் மாட்டி, பேட்டரியில் சார்ஜ் இருக்கிறதா என்று பார்த்து, மெமரி கார்டைத் தேடுவதற்குள் பத்து நிமிடம் போய்விடும். எனக்குச் சேர்ந்தாற்போல் கிடைப்பதே அவ்வளவுதான். எடுத்த படங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றிப் பிரிப்பதற்கு இரவு பதினொரு மணிக்கு மேல் உட்கார வேண்டும். வாங்கும்போது படத்தின் தெளிவைப் பற்றி நூறு கேள்வி கேட்டேன். என் நாளைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்டுக்கொள்ளவில்லை.

டிசம்பர் 7, சனி

என் கணவர் ஆறுதலாக ஒரு யோசனை சொன்னார். லென்ஸ் மாற்றத் தேவையில்லாத கேமரா ஒன்றைப் போனில் காட்டினார்: நிக்கான் பி1000. 125 மடங்கு ஜூம், 3000 மி.மீ. வரை போகும். பள்ளிக்கரணை சாலையோரத்தில் நின்றபடியே தூரத்துப் பூநாரையின் கண்ணைப் படம் எடுத்துவிடலாம். ஆசையாகத்தான் இருந்தது. எடை 1.4 கிலோ. ஒரு கையால் பால் பாத்திரத்தை இறக்கிக்கொண்டு இன்னொரு கையால் தூக்குகிற பொருள் இல்லை.

இரவு, கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் என் நாளை எழுதிப் பார்த்தேன். ஐந்துக்கு எழுகிறேன். ஆறேகாலுக்குக் குக்கர் ஏறுகிறது. ஆறு இருபத்தைந்திலிருந்து ஆறே முக்கால் வரை, சின்னவன் எழும்வரை, பால்கனி எனக்கு. சாயங்காலத்தில் எதுவும் இல்லை. ஞாயிறு மதியம் இருந்தால் உண்டு. ஆக, இருபது நிமிடம். எதிரே காலி மனை, அதில் மழைத் தண்ணீர், ஒற்றைப் பனை, வீடுகளுக்கு அப்பால் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் பச்சைக் கோடு.

அந்த இருபது நிமிடம் எனக்கு வேண்டும். அதில் நான் யாருக்கும் எதுவும் செய்து தர வேண்டியதில்லை. இதை எழுதவே இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது.

படம் வேண்டாம். பார்த்தால் போதும். பைனாகுலர் வாங்குவது என்று முடிவு செய்தேன். சார்ஜ் போட வேண்டாம், கார்டு வேண்டாம், அதில் ஆபீஸ் மெசேஜ் வராது.

டிசம்பர் 15, ஞாயிறு

கடைக்குக் குடும்பத்தோடு போனேன். யார் யார் கையில் எடுப்பார்களோ அவர்கள் எல்லாரும் தொட்டுப் பார்த்துத்தான் வாங்குவது என்பதில் உறுதியாக இருந்தேன்.

பைனாகுலரில் 8x42 என்று எழுதியிருந்தால் எட்டு மடங்கு பெரிதாகக் காட்டும், முன்பக்க லென்ஸின் விட்டம் 42 மி.மீ. என்று பொருள். இரண்டாவது எண்ணை முதல் எண்ணால் வகுத்தால் கண்ணுக்கு வரும் ஒளிவட்டத்தின் அளவு கிடைக்கும்: 5.25 மி.மீ. விடியலிலும் அந்தியிலும் நம் கண்மணி விரிந்திருக்கும்; அப்போது இந்த வட்டம் பெரிதாக இருந்தால் காட்சி வெளிச்சமாக இருக்கும். நல்ல பகலில் கண்மணி இரண்டு மூன்று மி.மீ.க்குச் சுருங்கிவிடுவதால் அந்த வித்தியாசம் தெரியாது. கடைக்காரர் முதலில் 12x50 எடுத்துக் கொடுத்தார். பன்னிரண்டு மடங்கில் பெயர்ப்பலகையின் எழுத்து பெரிதாகத் தெரிந்தது, ஆனால் என் கைநடுக்கமும் பன்னிரண்டு மடங்கானது. பறவை ஓரிடத்தில் நிற்காது. காட்சிப் பரப்பு குறுகலாக இருந்தால் அதைத் தேடிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். எட்டு மடங்கே போதும்.

பறவை பார்க்கிறவர்கள் பெரும்பாலும் 8x42 என்றுதான் சொல்வார்கள். கொடுத்துப் பார்த்தேன். பெரியவளுக்குச் சரியாக இருந்தது. அத்தை, என் மாமியார், ஒரு நிமிடம் பிடித்துவிட்டு, "மணிக்கட்டு வலிக்குதும்மா" என்று மடியில் வைத்துவிட்டார். அடுத்து 8x32. அரைக் கிலோதான் இருக்கும். ஒளிவட்டம் 4 மி.மீ. நான் பார்க்கப்போவது ஆறு இருபத்தைந்துக்குப் பிறகு, மார்கழியில்கூட அநேகமாக விடிந்துவிடும். அத்தை அதை இறக்கவே இல்லை; எதிர்க்கடை மாடியில் காய்ந்த வேட்டியின் கரை என்ன நிறம் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

நான் கண்ணாடி போடுகிறவள். லென்ஸுக்கும் கண்ணுக்கும் நடுவே கண்ணாடிக்கு இடம் வேண்டும். ஐ ரிலீஃப் என்று குறிப்பில் போட்டிருப்பார்கள், 15 மி.மீ.க்குக் குறைந்தால் வட்டத்தின் ஓரம் வெட்டுப்படும். போட்டுப் பார்த்தேன், முழு வட்டமும் தெரிந்தது.

சின்னவனுக்கு மட்டும் ஒத்துவரவில்லை. குழல்கள் இரண்டையும் முழுக்க மடக்கியும் அவன் கண்களின் இடைவெளிக்கு வரவில்லை. "ரெண்டு ரெண்டாத் தெரியுதும்மா" என்று அழப்பார்த்தான். குழந்தைகளுக்குப் பைனாகுலர் பிடிக்கவில்லை என்று நாம் நினைக்கிற பல நேரங்களில் காரணம் இதுவாகத்தான் இருக்கும். இரண்டு கீல் வைத்த சின்ன 8x25 ஒன்று அவன் முகத்துக்கு அளவாக மடங்கியது. பணம் இரண்டுக்கும் சேர்த்து இல்லை. அவனுடையது பொங்கல் போனஸுக்கு என்று சொல்லிவைத்தேன்.

டிசம்பர் 22, ஞாயிறு

8x32 வந்துவிட்டது. எங்கே வைப்பது என்று வீட்டில் ஒரு விவாதம். "விலை உசந்த சாமான், பீரோவுல வை" என்றார் அத்தை. மாட்டேன் என்றேன். பால்கனிக் கதவுக்குப் பக்கத்தில், சாவிக்கொக்கிக்கு அடுத்த கொக்கியில் மாட்டியாயிற்று. காற்றும் வெளிச்சமும் படும், சின்னவன் கைக்கு எட்டாது. அடைமழை நாட்களில் மட்டும் மூடி இறுகிய டப்பாவில் சிலிகா ஜெல்லோடு போட்டுவைப்பேன்.

ஜனவரி 3, 2025, வெள்ளி

மூன்று பேர் எடுப்பதால் ஒரு சிக்கல். இரண்டு கண்ணின் பார்வையும் ஒன்றுபோல் இருக்காது. அதற்காக வலது கண் பக்கம் ஒரு வளையம் வைத்திருக்கிறார்கள். முதலில் வலது கண்ணை மூடி, இடது கண்ணால் நடுச்சக்கரத்தைத் திருப்பித் தெளிவாக்க வேண்டும். பிறகு இடது கண்ணை மூடிக்கொண்டு அந்த வளையத்தைத் திருப்ப வேண்டும். தினமும் காலையில் எனக்கு மங்கலாகத் தெரிந்ததற்குக் காரணம், முந்தைய நாள் அத்தை தன் கண்ணுக்கு வைத்திருந்த அளவு. பெரியவள் நகப்பாலிஷால் வளையத்தின் ஓரத்தில் மூன்று புள்ளி வைத்துவிட்டாள்: எனக்குச் சிவப்பு, அத்தைக்கு ரோஸ், அவளுக்கு நீலம்.

அலமாரியில் கிடந்த பழைய போனையும் எடுத்தோம். சிம் இல்லை. கார்னெல் பல்கலைக்கழகத்தின் மெர்லின் செயலியையும் நம் பகுதிப் பறவைகளின் தொகுப்பையும் வைஃபையில் இறக்கி, பெரியவள் இணைப்பை அணைத்துவிட்டாள். குரலைக் கேட்டு அது பெயர் சொல்கிறது. சில நேரம் தவறாகவும் சொல்லும். கண்ணால் பார்த்த பிறகே நோட்டில் எழுதுவது என்று விதி வைத்திருக்கிறோம்.

ஜனவரி 14, செவ்வாய். பொங்கல்

பொங்கல் நாட்களில் தமிழகப் பறவை ஆர்வலர்கள் பறவைக் கணக்கெடுப்பு நடத்துகிறார்கள். ஓரிடத்தில் குறைந்தது பதினைந்து நிமிடம் நின்று, பார்த்ததை எண்ணி, இ-பேர்ட் என்ற பறவைப் பதிவுத் தளத்தில் பதிய வேண்டும். காட்டுக்குப் போக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பதினைந்து நிமிடம் என்று படித்தபோது, என்னைப் போன்றவர்களை மனத்தில் வைத்தே இதை அமைத்தார்கள் என்று தோன்றியது.

பானை பொங்கி, சாமி கும்பிட்டு முடித்து, ஏழே முக்காலுக்குப் பால்கனிக்கு வந்தோம். மனைத் தண்ணீரில் பழுப்பாக ஒன்று குனிந்து நின்றது. எனக்கு அது சேற்றோடு சேறாகத்தான் தெரிந்தது. அத்தை பைனாகுலரை வாங்கினார்.

"குருட்டுக் கொக்கும்மா அது. எங்க ஊருல மடையான்னும் சொல்லுவோம். உக்காந்தா மண்ணு நிறம், பறந்தாத்தான் வெள்ளை தெரியும். பாத்துக்கிட்டே இரு."

பறந்தது. இறக்கை முழுக்க வெள்ளை.

அத்தை நீடாமங்கலம் பக்கத்தில் வயல்வெளியில் வளர்ந்தவர். பதினான்கு வருஷம் ஒரே வீட்டில் இருக்கிறோம். செம்போத்து கத்தினால் மழை வரும் என்பார்களாம், நீலத் தாழைக்கோழி நெற்பயிரை முறித்துப் போடுமாம், உள்ளான் எந்த மாசத்தில் வந்து எந்த மாசத்தில் போகும்... எல்லாம் இன்றுதான் சொல்கிறார். இதுவரை நானும் கேட்டதில்லை.

பதினைந்து நிமிடத்தில் பதினான்கு வகை. காகம், மைனா, மாடப்புறா, கிளி, கரிச்சான், மடையான், சின்னக் கொக்கு, நீலத் தாழைக்கோழி, கானாங்கோழி, மீன்கொத்தி, பஞ்சுருட்டான், தகைவிலான், செம்போத்து, நெடுங்கால் உள்ளான். பெரியவள் பதிந்தாள்.

ஜனவரி 29, புதன்

சின்னவனுக்குக் காய்ச்சல். ஒரு வாரமாகக் கொக்கியைத் தொடவில்லை.

பிப்ரவரி 18, செவ்வாய்

இயற்கை எழுத்தாளர் மா. கிருஷ்ணன் மறைந்த நாள் இது, 1996இல். எழுத்தாளர் மாதவையாவின் மகன். 1950 முதல் இறக்கும்வரை ஸ்டேட்ஸ்மன் நாளிதழில் இயற்கை பற்றிப் பத்தி எழுதினார், நாற்பத்தாறு வருஷம். யானையைத் தேடிக் காடு காடாக நடந்தவர், வீட்டு வாசல் மைனாவையும் அணிலையும் அதே மரியாதையோடு எழுதினார். பல கேமராக்களின் பாகங்களை இணைத்துத் தானே ஒரு கனத்த கருவியை உருவாக்கி, அதற்கு 'சூப்பர் பாண்டரோசா' என்று பெயரும் வைத்திருந்தார். கறுப்பு வெள்ளைப் படத்துக்கும் தன் நடைக்கும் எது தேவையோ அதைத் தானே கட்டிக்கொண்டார். கடையில் புதிதாக வந்த பொருளைப் பார்த்து என் மனம் அலையும்போதெல்லாம் அவரை நினைத்துக்கொள்கிறேன்.

சின்னவனின் 8x25 வந்துவிட்டது. அவன் உயரத்துக்கு, கீழே இன்னொரு கொக்கி அடித்தோம்.

மார்ச் 2, ஞாயிறு

மனைத் தண்ணீர் வற்றிவிட்டது. நெடுங்கால் உள்ளான்களை ஐந்து நாளாகக் காணோம். கேமரா லென்ஸைத் துடைத்துக் கொடுத்துவிட்டார்கள். ஓரத்தில் தழும்பு நிற்கிறது. அதைத் திரும்பப் பீரோவில் வைக்கவில்லை, படம் பழக விரும்பிய அண்ணன் மகனுக்குக் கொடுத்துவிட்டேன்.

நோட்டைக் கூட்டிப் பார்த்தேன். டிசம்பர் 22 முதல் இன்று வரை 71 நாள். அதில் 52 நாள் நான் பால்கனியில் நின்றிருக்கிறேன். மொத்தம் 31 வகைப் பறவை. அவற்றில் ஒன்பதை முதலில் பார்த்தது அத்தை.