பெரிய சாருக்கு எத்தனை கை?

தோழிகளே! மாமல்லபுரம் பக்கம் நம்மில் பலர் படித்துவந்த ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் என் தம்பி 3-ஆம் வகுப்பு. அங்கே 5 வகுப்புக்கு 2 ஆசிரியர். 2009 கல்வி உரிமைச் சட்டப்படி 60 பிள்ளைகள் வரை அது போதுமாம்! அதில் ஒருவர் பெரிய சார். 2023-ல் வந்த காலை உணவைப் பார்ப்பது, வருகையை எமிஸில் ஏற்றுவது எல்லாம் அவர்தான்.

போன வாரம் டீச்சர் பயிற்சிக்குப் போய்விட்டார். தம்பியை விடப் போனால், பலகையில் கழித்தல் கணக்கு பாதியில் நிற்கிறது. சார் செல்போனோடு சவுக்குத் தோப்பு ஓரம் சிக்னல் தேடுகிறார்.

"ஏம்மா, அந்தக் கணக்கைக் கொஞ்சம் முடிச்சுடேன்."

முடித்தேன். "கடன் வாங்குறது எப்பவுமே புரியலைக்கா" என்றான் ஒருத்தன். என் தம்பி! மறுபடி முதலிலிருந்து போட்டேன். நான் இங்கே வருவதற்குள் முதல் பீரியட் முடிந்துவிட்டது.

அன்றைக்குக் காரணம் கேட்டீர்களே டீச்சர், இதுதான்.

— 9-ஆம் வகுப்பு மாணவி