அப்பாவுக்கு எட்டிய ஏரி

குடும்பத்தோடு தங்கி மீன் பிடிக்க நம் நாட்டில் ஏரிகளுக்குப் பஞ்சமில்லை. கென்யிர், தெமெங்கோர், பெரா, செண்டரோ என்று அடுக்கிக்கொண்டே போகலாம். எதைத் தேர்ந்தெடுப்பது என்பதுதான் சிக்கல். இணையத்தில் தேடினால், பெரிய தோமான் மீனை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தபடி நிற்பவர்களின் படங்கள்தான் முதலில் வருகின்றன. நண்பர்களோடு போகிறவர்களுக்கு அந்தப் படங்கள் போதும். குடும்பத்தோடு போகிறவர்கள் வேறு சில கணக்குகளும் போட வேண்டியிருக்கிறது.

எங்கள் வீட்டுக் கணக்கு இது. நாங்கள் ஈப்போவில் இருக்கிறோம். அப்பாவுக்கு 71 வயது. செவ்வாய், வியாழன், சனி என வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். என் மகளுக்கு ஆறு வயது. தம்பி பெட்டாலிங் ஜெயாவில் வேலை பார்க்கிறான், மீன்பிடிப் பைத்தியம்.

அப்பா தோட்டத்தில் பால்மரம் சீவியவர். மத்தியானம் வேலை முடிந்ததும் மூங்கில் தூண்டிலை எடுத்துக்கொண்டு ஆற்றுப் பக்கம் போய்விடுவார். தோட்டம் செம்பனைக்கு மாறி, லயத்து வீடுகள் காலியாகி, நாங்கள் டவுனுக்கு வந்த பிறகு அவர் தூண்டிலைத் தொடவே இல்லை. போன வருடம் ஒருநாள் சிகிச்சை முடிந்து காரில் வரும்போது, "ஒரு நாளாவது தண்ணி ஓரமா உக்காரணும்டா" என்றார். அதிகம் கேட்கிற மனிதர் இல்லை அவர்.

சனிக்கிழமை சிகிச்சை முடிந்தால் அன்று முழுக்க அசதி இருக்கும். ஞாயிறு காலையில் கிளம்பி, திங்கள் இரவுக்குள் வீடு திரும்பிவிட வேண்டும். ஓர் இரவு, இரண்டு பகல். இந்த அளவுகோலை வைத்துத்தான் நான்கு ஏரிகளையும் பார்த்தோம்.

கென்யிர்: மீனுக்கு முதலிடம்

தம்பி கேட்டது கென்யிர். திரெங்கானுவில் அணை கட்டி, 1985இல் பணி முடிந்து உருவான ஏரி. பரப்பு 260 சதுர கிலோமீட்டர். உள்ளே 340 தீவுகள். எல்லாம் தண்ணீரில் மூழ்கிய குன்றுகளின் உச்சிகள். பட்டுப்போன காட்டு மரங்கள் இன்னும் நீருக்குள் நிற்கின்றன. தோமானும் செபாராவும் பதுங்குவது அந்த மரங்களுக்கு இடையில்தான். பெத்தாங் ஆற்றில் கெலா மீன்களுக்கு ஒரு சரணாலயமும் இருக்கிறது. அங்கே மீன்களுக்குத் தீனி போடுவது பிள்ளைகளுக்குக் கொண்டாட்டமாக இருக்கும்.

அங்கே போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. தோமான் குஞ்சுகள் செந்நிறக் கூட்டமாக மூச்சு வாங்க நீர்மட்டத்துக்கு வரும். தாயும் தகப்பனும் அடியில் காவல் நிற்கும். அந்தக் கூட்டத்தின் மேல் தூண்டிலை வீசினால் பெரிய மீன் கோபத்தில் பாய்ந்து கடிக்கும் என்பது பலருக்கும் தெரிந்த உத்தி. ஆனால் காவல் போய்விட்டால் குஞ்சுகள் மற்ற மீன்களுக்கு இரையாகிவிடும். பிள்ளைகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அதைச் செய்யாமல் இருப்பது நல்லது.

ஈப்போவிலிருந்து கென்யிருக்குப் போய்ச் சேரவே ஒரு பகல் வேண்டும். படகு வீட்டில் ஏறி ஏரிக்குள் போய்விட்டால், நடுராத்திரியில் யாருக்காவது மூச்சு வாங்கினால் என்ன செய்வது? நவம்பரிலிருந்து கிழக்குக் கரையில் பருவமழை வேறு. மூன்று நான்கு நாள் விடுப்பும் உடல்நலமும் உள்ளவர்களுக்கு ஏற்ற இடம் அது. தம்பி பேசாமல் இருந்துவிட்டான்.

தெமெங்கோர்: காட்டுக்கு முதலிடம்

தீபகற்பத்தில் கென்யிருக்கு அடுத்த பெரிய ஏரி, பேராவின் வடக்கே உள்ள தெமெங்கோர். கெரிக் டவுனைத் தாண்டி கிழக்கு மேற்கு நெடுஞ்சாலையில் போனால் பண்டிங் தீவு வரும். படகுகள் அங்கிருந்துதான் புறப்படுகின்றன. ராயல் பெலும் வனப் பூங்காவுக்குள் போக முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். அந்தச் சாலையில் யானைகள் குறுக்கே வரும் என்பதால் பொழுது சாய்வதற்குள் போய்ச் சேர்ந்துவிடுவது நல்லது. காடு பார்க்க அதைவிட நல்ல இடம் குறைவு. ஆனால் அங்கும் நல்ல மீனுக்குப் படகு வேண்டும். அப்பாவின் முழங்கால், ஆடுகிற படகில் ஏறி இறங்கத் தாங்காது.

பெரா: அமைதிக்கு முதலிடம்

பகாங்கில் உள்ள பெரா, மனிதர் கட்டாத இயற்கை ஏரி. அந்த வகையில் நாட்டிலேயே பெரியது. 1994இல் ராம்சார் ஒப்பந்தத்தின் கீழ் மலேசியாவின் முதல் ஈரநிலமாகப் பதிவானது. தாழை வகைச் செடிகளும் சதுப்புக் காடும் சூழ்ந்த ஏரி. தண்ணீர் தேயிலைச் சாயம் போல இருக்கும். செமெலாய் பூர்வகுடி மக்கள் தலைமுறை தலைமுறையாக வாழும் இடம். கோலாலம்பூர்க்காரர்களுக்கு வசதியான தூரம். எங்களுக்குத்தான் எட்டவில்லை.

செண்டரோ: எங்களுக்குக் கிடைத்தது

கடைசியில் நாங்கள் முடிவு செய்தது, யாரும் பெரிதாகப் பேசாத செண்டரோ. பேரா ஆற்றில் வரிசையாக இருக்கும் நான்கு அணைகளில் கடைசியானதும் பழையதும் இதுதான். 1930இல் முடிந்தது. கிந்தா பள்ளத்தாக்கின் ஈயச் சுரங்கங்களுக்கு மின்சாரம் கொடுக்க வெள்ளைக்காரன் காலத்தில் கட்டியது. கென்யிரில் பத்தில் ஒரு பங்குதான் இருக்கும். கோலகங்சாரிலிருந்து கெரிக் போகும் பழைய சாலை இதன் ராபான் பகுதியைத் தொட்டுக்கொண்டே போகிறது. ஈப்போவிலிருந்து ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம். கோலகங்சார் மருத்துவமனைக்கு ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம்.

கரைக்குப் பக்கத்தில் ஒரு சிறு மர வீட்டை வாடகைக்கு எடுத்தோம். வாசலிலிருந்து தண்ணீருக்கு முப்பது எட்டு, படிக்கட்டு இல்லை. கரையோர மரத்தடியில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு அப்பாவை உட்கார வைத்தோம். அப்பாவுக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு தண்ணீர்தான் என்று அளவு உண்டு. வெயிலில் இருந்தால் தாகம் எடுக்கும். அதனால் காலை பத்து மணிக்கு முன்பும், மாலை ஐந்து மணிக்குப் பிறகும் மட்டும் தூண்டில். மீனும் அந்த நேரத்தில்தான் நன்றாகக் கடிக்கிறது.

லம்பாம் மீனுக்கு ரொட்டியைப் பிசைந்து வைத்தோம். செம்பனைப் பழத்தையும் அது விரும்பும். இரவில் பாவோங்குக்கு மண்புழு. அப்பா எவ்வளவு நேரம் தக்கையைப் பார்த்துக்கொண்டிருந்தாலும் அலுக்காதவர். தக்கை அமிழ்வதற்கு முந்தின சிறு நடுக்கத்தை என் மகளுக்குக் காட்டி, "இப்ப இழுக்கக் கூடாது, இன்னும் கொஞ்சம்" என்று சொல்லிக்கொடுத்தார். தாத்தாவும் பேத்தியுமாக நாலு லம்பாம் பிடித்தார்கள். பெரியது உள்ளங்கை அளவு. தம்பி வாடகைப் படகில் போய் வெறுங்கையோடு வந்தான். அம்மா அந்த நாலு மீனையும் மஞ்சள், மிளகாய்த்தூள் தடவிப் பொரித்தார்.

பக்கத்திலுள்ள லெங்கோங், லோமா மீனில் செய்யும் பெக்காசாமுக்குப் பேர்போன ஊர். மீனை உப்பும் வறுத்த அரிசியும் சேர்த்துப் புளிக்க வைப்பார்கள். அப்பாவுக்கு அந்த உப்பு ஆகாது; நாங்கள் வீட்டுக்கு வந்து அவர் இல்லாத நேரத்தில் பொரித்துச் சாப்பிட்டோம். லெங்கோங் பள்ளத்தாக்கு 2012இல் யுனெஸ்கோ உலக மரபுரிமைத் தலமானது. 'பேரா மனிதன்' என்ற தொன்மையான எலும்புக்கூடு கிடைத்ததும் அங்கேதான்.

பதிவு செய்யும் முன்

வீட்டுக்காரரிடம் சில கேள்விகளை மறக்காமல் கேளுங்கள். வாசலிலிருந்து தண்ணீர் எவ்வளவு தூரம், படிக்கட்டு உண்டா? கரை சரிவா, ஓரத்திலேயே ஆழமா? கைத்தொலைபேசி அலை கிடைக்குமா? மருத்துவமனை எங்கே? சிறுவர் அளவில் லைஃப் ஜாக்கெட் இருக்கிறதா? அணை ஏரி என்றால் நீர்மட்டம் திடீரென மாறலாம். எச்சரிக்கைப் பலகையையும் சைரன் ஒலி எதற்கு என்பதையும் பிள்ளைகளுக்கு முதல் நாளே சொல்லிவிடுங்கள். டயாலிசிஸ் செய்துகொள்பவர் உடன் வந்தால், கிளம்பும் முன் சிகிச்சை மையத் தாதியரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

குடும்பத்தில் மிகக் குறைவாக நடக்க முடிந்தவர் யாரோ, அவருக்கு எட்டுகிற ஏரியாகப் பாருங்கள். தோமானைத் தேடிப் போகத் தம்பிக்கு இன்னும் பல வருடங்கள் இருக்கின்றன.