தயிரில்லாப் பச்சடி தேடி ஒரு பிரயாணம்

தஞ்சாவூர்ச் சீமையிலே பச்சடிக்குப் பஞ்சமா என்று கேட்பீர்கள். பஞ்சமே இல்லை. வெள்ளரிக்காய்ப் பச்சடி, தக்காளிப் பச்சடி, வாழைத்தண்டுப் பச்சடி என்று அடுக்கிக்கொண்டே போகலாம். ஆனால் முக்கால்வாசிப் பச்சடிகளுக்கு ஆதாரம் ஒன்றுதான்: கெட்டித் தயிர்.

உங்கள் வீட்டில் பால் ஒத்துக்கொள்ளாத குழந்தை ஒன்று இருந்தால் என்ன செய்வீர்கள்? அல்லது, “பால், தயிர், நெய் எதையும் நான் தொடுவதில்லை” என்று சொல்லும் மருமகள் வந்திருந்தால்? எல்லா இலையிலும் பச்சடி விழும். அந்த ஓர் இலையில் மட்டும் ஓரம் காலியாகக் கிடக்கும். பரிமாறுகிறவளுக்கு மனம் உறுத்தாதா?

பாலையும் விட்டவர்களுக்கு இப்போது தனிப் பெயரே இருக்கிறது. 1944-ஆம் வருஷம் இங்கிலாந்தில் டொனால்ட் வாட்சன் என்பவரும் அவருடைய நண்பர்களும் சேர்ந்து ஒரு சங்கம் தொடங்கினார்கள். ‘வெஜிடேரியன்’ என்ற சொல்லின் தலையையும் வாலையும் ஒட்டி ‘வீகன்’ என்று தங்களுக்குப் பெயர் வைத்துக்கொண்டார்கள். மேல்நாட்டில் பச்சைக் காய்கறிகளின் மேல் ஊற்றிக் கலக்க மயோனைஸ் என்று ஒரு சேர்மானம் உண்டு. வெண்ணெய்போல் குழைவாக இருக்கும். ஆனால் அதில் முட்டையின் மஞ்சள் கரு சேர்கிறது. வீகன்காரர்களுக்கு அதுவும் ஆகாது. நம்மில் பல வீடுகளுக்கும் ஆகாது.

தயிரும் வேண்டாம், முட்டையும் வேண்டாம். ஆனால் குழைவு மட்டும் வேண்டும். அதற்கு எங்கே போவது? வாருங்கள், தஞ்சையில் பட்டுக்கோட்டை பஸ் ஏறுவோம். ஐம்பது கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவான தூரம்தான்.

தஞ்சை நகரை ஒட்டி ஓடும் கல்லணைக் கால்வாயை ஊரார் ‘புது ஆறு’ என்பார்கள். 1934-இல் கட்டி முடிந்த மேட்டூர் அணைத் திட்டத்தோடு சேர்த்து வெட்டியது இது. கரிகாலன் பெயர் சொல்லும் கல்லணைக்கு முன்னால் இது நேற்றுப் பிறந்த குழந்தை! ஆனால் ஒரத்தநாடு, பட்டுக்கோட்டைப் பக்கத்து வயல்களுக்குக் காவிரித் தண்ணீரைக் கொண்டு போய்ச் சேர்த்தது இந்தக் குழந்தைதான்.

தை, மாசியில் போனால் இன்னொரு வேடிக்கை பார்க்கலாம். சம்பா நெல்லை அறுப்பதற்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பே, நிற்கிற பயிருக்குள்ளேயே உளுந்தையும் பச்சைப் பயறையும் விதைத்துவிடுகிறார்கள். அறுவடை முடிந்ததும் தாளுக்கு நடுவிலிருந்து பயறு தலை நீட்டுகிறது. வயலில் மிஞ்சிய ஈரமும் இரவுப் பனியும் அதற்குப் போதும். கோசுமல்லிக்கு நாம் ஊற வைக்கும் பாசிப்பருப்பு இந்தப் பச்சைப் பயறுதானே!

ஒரத்தநாட்டில் முக்தாம்பாள் சத்திரம் இருக்கிறது. இரண்டாம் சரபோஜி மன்னர் கட்டியது. இராமேசுவர யாத்திரை போகிறவர்களுக்கு அன்னமிட்ட இடம். தஞ்சையை மராட்டியர் ஆண்ட காலம் அது. மராட்டியர் கோஷிம்பீர் என்கிறார்கள். கன்னடத்தார் கோசம்பரி என்கிறார்கள். நாம் கோசுமல்லி என்கிறோம். பெயரைச் சொல்லிப் பாருங்கள், ஒரே குடும்பத்துச் சாயல் தெரியும். நம் கோசுமல்லி தயிர் கேட்பதில்லை. ஆனால் உதிர் உதிராக இருக்கும். பச்சடியின் குழைவு அதில் இல்லை.

குழைவு இருப்பது பட்டுக்கோட்டையில். ஊர் நெருங்க நெருங்கத் தென்னந்தோப்புகள் இரண்டு பக்கமும் கூடவே வரும். அவற்றைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். பல தோப்புகளில் மரங்கள் இளசாக இருக்கும். 2018 நவம்பர் 16-ஆம் தேதி விடியுமுன் கஜா புயல் கரை கடந்தது. லட்சக்கணக்கான தென்னைகள் ஒரே இரவில் சாய்ந்தன. தாத்தா வைத்த மரம், பெண்ணின் கல்யாணத்துக்குக் கைகொடுக்கும் என்று நம்பியிருந்த மரம், எல்லாம் வேரோடு போயின. நெல் போனால் அடுத்த பட்டத்தில் பார்க்கலாம். தென்னை அப்படியா? நெட்டை ரகம் காய்க்க ஆறேழு வருஷம் ஆகும். குட்டை ரகமானாலும் மூன்று, நான்கு வருஷம் காத்திருக்க வேண்டும். அப்படியும் கன்று வைத்தார்கள், காத்திருந்தார்கள். இன்று நம் கைக்கு வரும் காய்க்குப் பின்னால் அந்தப் பொறுமை இருக்கிறது.

இனி, கோசுமல்லிக்கும் தேங்காய்ப்பாலுக்கும் கல்யாணம் பண்ணி வைப்போம்.

நடுத்தரத் தேங்காய் ஒன்றைத் துருவி, முக்கால் டம்ளர் வெதுவெதுப்பான நீர் விட்டு அரைத்து, துணியில் இறுகப் பிழியுங்கள். இதுதான் முதல் பால். பத்து முந்திரிப் பருப்பை அரை மணி வெந்நீரில் ஊறப்போட்டு, ஒரு பச்சை மிளகாய், சின்னத் துண்டு இஞ்சி, உப்பு சேர்த்து, அரை டம்ளர் முதல் பால் விட்டு மைய அரையுங்கள். முந்திரி விலை கையைக் கடித்தால் ஒரு மேஜைக் கரண்டி பொட்டுக்கடலை போதும். கடைசியில் அரை மூடி எலுமிச்சம்பழச் சாறு. அவ்வளவுதான், தயிர்போலக் கெட்டியாக நிற்கும்.

ஏன் நிற்கிறது தெரியுமா? தேங்காய்ப்பால் என்பது நீரில் பொடிப் பொடியாக மிதக்கும் எண்ணெய்தான். தேங்காயிலுள்ள புரதம் அந்தத் துளிகளைச் சேரவிடாமல் பிடித்துக்கொள்கிறது. மயோனைஸில் முட்டை செய்யும் வேலையும் இதுவே! அடுப்பில் கொதிக்கவிட்டால் இந்தக் கட்டு குலைந்து பால் திரிந்துவிடும். ஆகவே இதற்கு அடுப்பே வேண்டாம். தாளிதத்தையும் ஆற வைத்தே கொட்டுங்கள்.

அரை மணி ஊறிய பாசிப்பருப்பை நீர் வடித்து, பொடியாக நறுக்கிய வெள்ளரிக்காய், துருவிய காரட், நார் எடுத்த வாழைத்தண்டு எல்லாவற்றையும் சேர்த்து, பந்தி உட்காரும்போது இந்தச் சேர்மானத்தைக் கலக்குங்கள். முன்னாலேயே கலந்தால் உப்புப் பட்ட வெள்ளரி நீர் விட்டுக்கொள்ளும். மிச்சத்தைக் குளிர்ப்பெட்டியில் வைத்தால் கட்டியாகும்; பயப்படாதீர்கள். குளிரில் தேங்காய் எண்ணெய் உறைகிற குணம் அது. சற்று வெளியே வைத்துக் கலக்கினால் இளகிவிடும். மறுநாளைக்கு மேல் வைக்க வேண்டாம்.

பிழிந்த சக்கையை எறிந்துவிடாதீர்கள். இன்னொரு முறை நீர் விட்டு எடுத்த இரண்டாம் பால் குழம்புக்கு ஆகும். சக்கை பொரியலுக்கு ஆகும். ஏழு வருஷம் காத்திருந்து காய்த்ததை ஒரே பிழியலில் குப்பைக்கு அனுப்பலாமா?

பட்டுக்கோட்டையிலிருந்து திரும்பும்போது பையில் நாலு காய் வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள். வாங்குமுன் காதருகே வைத்து ஆட்டிப் பாருங்கள். கையில் கனமாக இருந்து, உள்ளே தண்ணீர் தளும்பும் சத்தம் கேட்டால் நல்ல காய்.