ஒரகடத்து வானமும் 6.9 சென்டிமீட்டர் கம்பியும்

ஐப்பசி, 2024

பயணிகள் விமானங்களில் பெரும்பாலானவை தம் அடையாளம், உயரம், இருப்பிடம், வேகம் ஆகியவற்றை 1090 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில், யாரும் கேட்பதற்குக் காத்திராமல், தாமே அறிவித்தபடி பறக்கின்றன. ‘ஏடிஎஸ்-பி’ எனப்படும் இம்முறையின் செய்தி ஒவ்வொன்றும் 112 பிட் கொண்டது. 120 மைக்ரோவினாடிக்குள் முடிந்துவிடுவது. எந்தப் பூட்டும் இடப்படாதது. டிஜிட்டல் தொலைக்காட்சி பார்ப்பதற்கென விற்கப்பட்ட யுஎஸ்பி டாங்கிளில் உள்ள ஆர்டிஎல்2832யு என்ற சில்லு, வானொலி அலையின் அளவீடுகளைப் படமாக மாற்றாமல் அப்படியே கணினிக்குத் தரவல்லது என்பது 2012-இல் பரவலாகத் தெரியவந்தபின், சால்வத்தோரே சான்ஃபிலிப்போ என்ற இத்தாலிய நிரலாளர் எழுதி இலவசமாக வெளியிட்ட ‘டம்ப்1090’ நிரல், அவ்வளவீடுகளிலிருந்து விமானங்களைப் பிரித்துக் காட்டியது. இன்று சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும் ஒரு டாங்கிளும் ஒரு பழைய லேப்டாப்பும் இருந்தால், காஞ்சிபுரம் மாவட்டத்து ஒரகடத்தின் வாடகை வீட்டு மொட்டைமாடியே கண்காணிப்பு நிலையமாகிவிடும்.

ஆன்டெனாவுக்குக் கேபிள் டிவி ஒயரே போதுமானது. இவ்வலையின் நீளம் 27.5 செ.மீ. என்பதால் அதன் கால் பங்கான 6.9 செ.மீ. அளவுக்கு நடுச்செம்புக் கம்பியை வெளியே விட்டு, அதைச் சுற்றியிருந்த பின்னலை வெட்டி எறியாமல் அதே நீளத்துக்குக் கீழ்நோக்கி மடித்து ஒயரின் உறைமேல் போர்த்தி, செங்குத்தாக நிறுத்த வேண்டும். தொழிற்சாலைக் கொட்டகைகளின் தகரக் கூரை அலையை மறைப்பதாலும், 900 மெகாஹெர்ட்ஸ் பகுதியில் இயங்கும் செல்போன் கோபுரங்கள் டாங்கிளைத் திணறடிப்பதாலும், இப்பகுதியில் ஆன்டெனாவை உயர்த்துவதோடு ஒரு வடிகட்டியையும் சேர்ப்பது நல்லது.

கார்த்திகை 15 (30 நவம்பர், 2024)

ஃபெஞ்சல் புயலால் சென்னை விமான நிலையம் நண்பகலில் மூடப்பட்டு, மறுநாள் அதிகாலையில்தான் திறக்கப்பட்டது. இத்தகைய நாளில் தாழ்ந்த உயரங்கள் வெறிச்சோடிக் கிடக்க, 30,000 அடிக்கு மேலே செல்லும் தொலைதூர விமானங்கள் மட்டும் திரையில் நகர்வது இயல்பு. புயல் நாளில் திரையின் உயர எண்ணையும் அப்படியே நம்பலாகாது, அது 1013.25 ஹெக்டோபாஸ்கல் என்ற நிலையான காற்றழுத்தத்தை அடிப்படையாகக் கொண்ட எண்ணாதலால், தரையருகே அழுத்தம் 10 ஹெக்டோபாஸ்கல் குறைந்தால் விமானம் உண்மையைவிட ஏறக்குறைய 270 அடி மேலே இருப்பதாகத் தோன்றும். குறிப்பேட்டில் அன்றைய காற்றழுத்தத்தையும் எழுதிவைக்க வேண்டும் என்பது இதனால்தான்.

தை, 2025

ஏடிஎஸ்-பி முறையின் மிக அழகிய பகுதி, இருப்பிடத்தைச் சில பிட்டுகளுக்குள் அடக்கும் கணக்கு. புவியின் அகலாங்கு வட்டம் ஒருவகைச் செய்தியில் 60 பட்டைகளாகவும் மற்றொரு வகையில் 59 பட்டைகளாகவும் பகுக்கப்படுகிறது. ஒவ்வொரு செய்தியும் பட்டைக்குள் இருக்கும் இடத்தை மட்டுமே சொல்லும், எந்தப் பட்டை என்று சொல்லாது. மணி முள் இல்லாத கடிகாரம் நிமிடத்தை மட்டும் காட்டுவது போன்றதே இது. அடுத்தடுத்து வரும் இருவகைச் செய்திகளையும் ஒப்பிடும்போது 60-க்கும் 59-க்கும் உள்ள அந்த ஒன்றின் வேறுபாடு பட்டையைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது. சிக்கனத்தில் இத்தனை நுட்பம் காட்டியவர்கள் பாராட்டுக்குரியவர்கள்.

செய்தியில் வரும் 24 பிட் முகவரி பதினாறடிமான எண்ணாக எழுதப்படும்போது, இந்தியாவில் பதிவான விமானங்களுக்கு அது 8 என்ற எண்ணில் தொடங்கும். தாம்பரம் விமானப்படைத் தளத்தின் விமானங்களைப் போன்ற படை விமானங்கள் பல நேரங்களில் தம் இருப்பிடத்தை அறிவிப்பதில்லை. வீட்டுத் திரை வெறுமையாக இருப்பதால் வானமும் வெறுமையாக இருக்கிறது என்று முடிவுகட்டக் கூடாது.

பங்குனி 27 (10 ஏப்ரல், 2025)

அமெரிக்க இறக்குமதி வரிக்கு முந்திக்கொள்ள ஏறக்குறைய 600 டன் ஐபோன்களை ஆப்பிள் நிறுவனம் சரக்கு விமானங்களில் இந்தியாவிலிருந்து அனுப்பியதையும், அதற்காகச் சென்னை விமான நிலையத்தில் சுங்க அனுமதி விரைவுபடுத்தப்பட்டதையும் ராய்ட்டர்ஸ் இன்று வெளியிட்டது. ஸ்ரீபெரும்புதூரின் ஃபாக்ஸ்கான் ஆலையில் பெண் தொழிலாளர் பெருந்திரளாக உழைத்துப் பொருத்தும் கைப்பேசிகளும் இத்தகைய ஏற்றுமதியில்தான் செல்கின்றன. எந்த விமானத்தில் என்ன சரக்கு என்று எந்தச் சிக்னலும் சொல்வதில்லை. ஆனால், சரக்கு விமானம் எப்போது புறப்பட்டு எத்திசையில் ஏறியது என்பதை அதே வட்டாரத்தின் மொட்டைமாடியிலிருந்து அறியமுடிகிறது.

ஆடி, 2025

விமானங்கள் காற்றை எதிர்கொண்டே இறங்கவும் ஏறவும் செய்கின்றன. சென்னையின் முதன்மை ஓடுபாதையான 07/25-இன் நேர்கோட்டை மேற்கே நீட்டினால் அது ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் இடைப்பட்ட வெளியைக் கடந்து செல்லும். வடகிழக்குக் காற்று வீசும் மாதங்களில் தரையிறங்கும் விமானங்கள் அக்கோட்டின் வழியே, மூன்று பாகைச் சரிவின் கணக்குப்படி ஏறக்குறைய 4,000 அடியிலோ அதற்கும் கீழாகவோ, இப்பகுதியைக் கடக்கின்றன. ஆடியில் மேல்காற்று வலுக்கும்போது அவை கடற்பக்கமிருந்து இறங்க, இங்கே மேலேறும் விமானங்களே தென்படும். பிற்பகலில் கடற்காற்று உட்புகுந்தால் வரிசை மறுபடியும் திசை மாறக்கூடும். காற்றுமானி இல்லாத வீட்டிலும் கடற்காற்று வந்த நேரத்தை இவ்வாறு ஊகிக்கலாம்.

ஸ்ரீபெரும்புதூருக்கு மேற்கே பரந்தூரில் புதிய விமான நிலையம் அமையும் என்று 2022 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்டது முதல் அங்குள்ள ஏகனாபுரம் கிராம மக்கள் அதை எதிர்த்து வருகின்றனர். நிலையம் வந்தால் தாழ்வாகப் பறக்கும் பாதைகளும் உடன்வரும். அவற்றின் இரைச்சலைப் பற்றிப் பின்னாளில் பேசுவோருக்கு, நிலையம் வருவதற்கு முந்தைய வானத்தின் நிலை தெரிந்திருக்க வேண்டும். ஆகவே காஞ்சிபுரம் மாவட்டத்துப் பள்ளிகளும் கல்லூரிகளும் நேரம், உயரம், திசை, காற்றழுத்தம் ஆகிய நான்கையும் இப்போதிருந்தே பதிந்துவைக்க வேண்டும். அதற்கு ஆகும் செலவு ஒரு டாங்கிளின் விலைதான்.