வெட்டுவதற்கு முன் ஒரு தடவை மேலே பாருங்கள்



போன கிழமை நாங்கள் போட்ட படத்தைப் பார்த்துவிட்டுப் பலர் கேட்டிருந்தீர்கள். "சேர், அது நாய்க்குட்டியா, எலியா?" என்று ஒருவர். "இந்தச் சனியன ஏன் கையில எடுத்தீங்க?" என்று இன்னொருவர்.

அது வௌவால். நமது வளவுகளில் எல்லாம் இருக்கின்ற குட்டை மூக்குப் பழந்தின்னி வௌவால். வடிவாகப் பார்த்தீர்களானால் படத்தில் இருப்பது ஒன்றல்ல, இரண்டு. தாயின் நெஞ்சோடு குட்டி ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதை ஏன் கையில் எடுக்க வந்தது என்ற கதையைச் சொல்லத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். பொறுமையாக வாசியுங்கள், ஏனென்றால் இதில் எங்கள் பிழையும் இருக்கிறது.

எங்கள் பாடசாலையில் தரம் 6 கட்டடத்துக்கும் மதிலுக்கும் இடையில் ஐந்து அசோக மரங்கள் நின்றன. கிளைகள் கீழ்நோக்கித் தொங்க, பச்சைத் தூண் மாதிரி நேராக உயருகின்ற மரம். கொஞ்சக் காலமாக அந்தப் பக்கச் சுவரில் கறை. பிள்ளைகளின் சைக்கிள் சீற்றுகளில் மென்று துப்பிய சக்கை. வட்ஸ்அப்பில் நிபா வைரஸ் செய்தி சுற்றத் தொடங்கியதும் பெற்றோருக்குப் பயம் வந்துவிட்டது. கூட்டத்தில் பேசி, ஐந்து மரங்களையும் வெட்டுவது என்று முடிவானது. எதிர்த்து ஒருவரும் பேசவில்லை. விஞ்ஞானம் படிப்பிக்கின்ற நாங்களே கையை உயர்த்தினோம். மரத்தில் என்ன இருக்கிறது என்று ஒரு தடவை போய் அண்ணாந்து பார்க்கவும் இல்லை.

சனிக்கிழமை காலை மரம் வெட்டுகின்ற நானா வந்தார். முதல் இரண்டு மரங்களும் ஒரு பிரச்சினையும் இல்லாமல் விழுந்தன. மூன்றாவது மரம் சாய்ந்தபோது அதன் நடுவிலிருந்து ஏழெட்டு வௌவால்கள் பட்டப்பகலில் சிதறிப் பறந்தன. காகங்கள் எங்கிருந்துதான் வந்தனவோ, நொடியில் துரத்தத் தொடங்கிவிட்டன. நானா கிளைகளை இழுக்கப் போனவர், கத்தியைக் கீழே வைத்துவிட்டு எங்களைக் கூப்பிட்டார். "சேர், இஞ்ச வாங்க. இதுக்குள்ள புள்ளயோட ஒண்டு கிடக்கு."

தாயின் சிறகு முறிந்திருந்தது. துணியை மடித்துப் பிடித்து ஒரு காட்போட் பெட்டிக்குள் வைத்தோம். அந்த நேரம் எடுத்த படம்தான் நீங்கள் பார்த்தது. ளுஹருக்குப் பிறகு தாய் செத்துவிட்டது. குட்டி அப்போதும் பிடியை விடவில்லை. மெதுவாகப் பிரித்து, மிச்சமாக நின்ற மரத்தில் துணியோடு தொங்கவிட்டோம். மஃரிபுக்குப் பிறகு நாலைந்து வௌவால்கள் வந்து, மரம் நின்ற வெறும் இடத்தைச் சுற்றிச் சுற்றிப் பறந்தன. குட்டியை எடுக்க ஒன்றும் வரவில்லை. எப்படி வரும்? அதன் தாய் பெட்டிக்குள் அல்லவா கிடந்தது. சுபஹுக்குப் பிறகு போய்ப் பார்த்தோம். குட்டியும் போய்விட்டது.

மிச்ச இரண்டு மரங்களையும் அன்றைக்கு வெட்டவில்லை. அவை இன்னும் நிற்கின்றன.

திங்கட்கிழமை தரம் 8 பிள்ளைகள் விழுந்து கிடந்த மரத்தைச் சுற்றி நின்றார்கள். ஒரு பிள்ளை கேட்டாள், "சேர், நடுவுல ஆரோ கத்தரிக்கோலால வெட்டின மாதிரி இருக்கே?" உண்மைதான். மரத்தின் நடுப்பகுதியில் சிறு கிளைகளும் இலைக்காம்புகளும் கடித்து அகற்றப்பட்டு, கவிழ்த்த மணி மாதிரி ஒரு குழிவு இருந்தது. மேலே கூரை, சுற்றிவரத் தொங்கும் இலைகள் சுவர், கீழே வாசல். மழையும் வெயிலும் படாது. வெளியிலிருந்து பார்த்தால் உள்ளே ஆள் இருப்பதே தெரியாது.

அதைக் கட்டியது ஓர் ஆண் வௌவால். 1990களில் தென்னிந்தியாவில் இந்த இனத்தை இரவிரவாகக் கவனித்த ஆய்வாளர்கள் இதை எழுதி வைத்திருக்கிறார்கள். ஒரே ஆண், தனியாக, பல்லால் ஒவ்வொரு காம்பாகக் கடித்து, ஒரு மாதத்துக்கு மேலும் பாடுபட்டு இந்தக் கூடாரத்தை அமைக்கும். அசோக மரத்தில் மட்டுமல்ல, சுவரை மூடிப் படரும் கொடியிலும் கட்டும். கித்துள் மரத்தின் பூங்குலையில் நடுச்சரங்களைக் கடித்து எறிந்துவிட்டு உள்ளே தங்கும். வீடு ஆயத்தமானதும் பெண்கள் வந்து சேரும். ஒரு வீட்டில் ஓர் ஆணும் பல பெண்களும் குட்டிகளும். கட்டிய ஆண் அந்த வீட்டை விட்டுக் கொடுக்காது.

இலங்கையில் பழம் தின்னும் வௌவால் இனங்கள் நான்கு. பேராதனைப் பூங்காவுக்குச் சுற்றுலா போனபோது கரிய குடைகள் மாதிரி தொங்கியதே, அதுதான் பெரியது. ஒரு கிலோவையும் தாண்டும். எங்கள் அசோக மரத்தில் இருந்தது அதில் இருபதில் ஒரு பங்குகூட வராது. ஐம்பது கிராம் அளவு, ஒரு கோழிமுட்டை நிறை. மண்ணிறம், வெள்ளை விளிம்பு வைத்த காது, வளர்ந்த ஆணுக்குக் கழுத்தைச் சுற்றிச் செம்மஞ்சள் பட்டி. முகம் நாய்க்குட்டி மாதிரித்தான். படத்தைப் பார்த்துக் கேட்டவர் பிழையாகக் கேட்கவில்லை. அதன் விஞ்ஞானப் பெயரின் முதற்சொல் சைனோப்டெரஸ், கிரேக்க மொழியில் நாயும் சிறகும் சேர்ந்த சொல். 1797இல் மார்ட்டின் வால் என்ற டென்மார்க் இயற்கையியலாளர் இதை முதன்முதலாக விவரித்தார். அதற்கு ஆதாரமான வௌவால் கிடைத்த இடம் அக்கரையிலுள்ள தரங்கம்பாடி. அன்றைக்கு அது டென்மார்க்காரர்களின் கையில் இருந்த ஊர்.

நமது பாடப்புத்தகத்தில் வௌவால் கழியொலி எழுப்பி வழி கண்டுபிடிக்கும் என்று படிப்பிக்கிறோம். அது பூச்சி தின்னும் வௌவாலுக்குச் சரி. இது அப்படியல்ல. பெரிய கண்ணாலும் மூக்காலும்தான் பழத்தைத் தேடும். கொய்யா பழுத்த வாசம் நமக்கு வருவதற்கு முதல் நாளே அதற்குப் போய்விடும்.

ஒரு தடவையில் ஒரு குட்டிதான். பிறக்கும்போதே அது தாயின் நிறையில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு இருக்கும். நமது பெண்களோடு ஒப்பிட்டால் பன்னிரண்டு, பதின்மூன்று கிலோவில் பிள்ளை பெறுவது மாதிரி. பிறந்த குட்டியைத் தாய் நெஞ்சில் சுமந்து, ஏறத்தாழ ஒரு மாதம் பால் கொடுக்கும். இதைச் சொன்னபோது வகுப்பு அமைதியாகிவிட்டது. முலையூட்டி என்ற சொல்லைப் பல வருடமாகக் கரும்பலகையில் எழுதியிருக்கிறோம். அன்றைக்குப் போல ஒருநாளும் அது பிள்ளைகளுக்கு விளங்கியதில்லை.

இனி பழக் கணக்கு. எங்கள் மூத்தம்மாவுக்கு வௌவால் என்றாலே ஆகாது. "ஒரு கொய்யாவ முழுசா விடுதா பாரு" என்று காலையில் கூட்டும்போதெல்லாம் ஏசுவா. ஏச்சில் நியாயமும் இருந்தது. தன் நிறைக்குச் சமமான பழத்தை ஒரே இரவில் தின்னக்கூடிய பிராணி அது. ஆனால் அதே மூத்தம்மா, கிணற்றடி மாமரத்துக்குக் கீழே கிடக்கும் கொட்டாங்காய்களைப் பொறுக்கி, உடைத்து, பருப்பை எங்களுக்குத் தருவா. மாமரத்துக்குக் கீழே கொட்டாங்காய் எப்படி வந்தது? எங்கள் வளவில் கொட்டான் மரமே இல்லை. சின்ன வயதில் ஒருவரும் அதைக் கேட்கவில்லை.

இந்த வௌவால் பழுத்த மரத்தில் இருந்து ஆறுதலாகத் தின்னாது. ஆந்தைக்குப் பயம். பழத்தைக் கவ்விக்கொண்டு வேறொரு மரத்துக்குப் போய், அங்கே தொங்கி, மென்று, சாற்றை உறிஞ்சிவிட்டுச் சக்கையைத் துப்பும். பெரிய கொட்டையைப் போட்டுவிடும். கொய்யா, அத்தி மாதிரிச் சின்ன விதைகளை விழுங்கி, பறக்கும் வழியில் எச்சத்தோடு விதைக்கும். நாம் சுவரில் கண்ட கறை அதுதான். மதில் ஓரத்தில் ஒருவரும் நடாமல் முளைக்கின்ற கொய்யாக்கன்று பலவற்றுக்கும் ஆள் இவர்தான். இலுப்பைப் பூவுக்கும் வாழைப் பூவுக்கும் இரவில் போவதும், மகரந்தம் ஒட்டிய முகத்தோடு அடுத்த பூவுக்குப் போவதும் இதே ஆள்தான்.

மரம் நட்டவருக்கு, அதிலிருந்து பறவையோ பிராணியோ தின்றதும் சதகாவாகப் பதியப்படும் என்று ஜும்ஆ பயான்களில் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். மூத்தம்மாவும் அதைக் கேட்டவதான். ஏசினாவே தவிர, ஒருநாளும் கல் எடுத்து எறிந்ததில்லை.

நோய்ப் பயத்தை நாங்கள் தட்டிக் கழிக்கவில்லை. நிபா பொய்யல்ல. 1998இல் மலேசியாவிலும் 2018இல் கேரளத்தின் கோழிக்கோட்டிலும் உயிர்களை எடுத்த நோய் அது. இயற்கையில் அந்த வைரஸ் முக்கியமாகத் தங்கியிருப்பது பெரிய பழந்தின்னி வௌவால்களில். அதற்காகச் சின்னதைக் கையால் பிடிக்கலாம் என்று அர்த்தமில்லை. எந்த வௌவாலையும் வெறுங்கையால் தொடக்கூடாது. துணி மடித்துப் பிடித்த எங்களையும் இதில் பின்பற்றாதீர்கள், தடித்த கையுறை வேண்டும். கடித்தாலோ கீறினாலோ சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் நன்றாகக் கழுவிவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கடிபட்ட பழத்தை வெட்டி எடுத்துவிட்டு மிச்சத்தைத் தின்னக் கொடுக்காதீர்கள், எறிந்துவிடுங்கள். நல்ல பழத்தையும் கழுவித் தோல் சீவிச் சாப்பிடுங்கள். இவ்வளவும் செய்தால் போதும். மரத்தை வெட்டினால் வௌவால் ஊரை விட்டுப் போகாது. அடுத்த மரத்துக்கு, அநேகமாக உங்கள் வீட்டு மரத்துக்குத்தான் வரும்.

வருகிற கூட்டத்தில் அந்த இரண்டு மரங்களைப் பற்றி நாங்கள் பேசப்போகிறோம். வெட்டச் சொல்லிக் கை உயர்த்தியவர்கள் என்பதால் அதைத் திருப்பிச் சொல்லும் கடமையும் எங்களுக்குத்தான். சைக்கிள் நிறுத்தும் இடத்தை மற்றப் பக்கம் மாற்றலாம். சுவரின் அந்தப் பகுதிக்குக் கழுவக்கூடிய கடும் நிறப் பெயின்ற் அடிக்கலாம், செலவை நாங்கள் பொறுப்பெடுக்கிறோம். மரத்தடியைத் தண்ணீர் தெளித்து நனைத்துவிட்டுக் கூட்டினால் தூசி எழும்பாது. தரம் 8 பிள்ளைகள் ஒவ்வொரு மாதமும் தூர நின்று எண்ணிக் குறித்து வைக்கத் தயாராக இருக்கிறார்கள்.

உங்களிடம் கேட்பது ஒன்றுதான். அசோக மரமோ, தென்னையோ, மதிலை மூடிய கொடியோ வெட்டப் போகும் முதல் நாள், அதன் அடியில் போய்ப் பாருங்கள். காய்ந்த சக்கையும் எச்சமும் கிடந்தால், அங்கேயே நின்று அண்ணாந்து பாருங்கள். உள்ளே ஆள் இருந்தால், குட்டிகள் பறக்கும் வரைக்கும் ஒன்றிரண்டு மாதம் பொறுங்கள். அதற்குள் ஒன்றும் கெட்டுவிடாது.

நாங்கள் பொறுக்கவில்லை. அந்த இரண்டையும் மதிலோரத்தில், விழுந்த மரத்தின் அடிக்கட்டைக்குப் பக்கத்தில் பிள்ளைகள் ஒன்றாகப் புதைத்தார்கள்.